சுண்ணாம்பு அடித்த ஆய்வுகூடமும் கோகிலாவின் பட்டமும்

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனவள் நான். பேனாவை எடுத்தால் அடுப்பில் ஏதாவது பொங்கும்; இல்லாவிட்டால் சாமி விளக்குக்கு நேரமாகிவிடும். அதெல்லாம் சாக்குத்தான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய ஒருத்தி, பட்டப்படிப்புக்கு அங்கீகாரம் என்றால் என்ன என்று எழுத வந்தால் ஊர் சிரிக்காதா என்ற கூச்சம் ஒரு பக்கம். "நம்ம கூத்த எழுதி என் மானத்த வாங்கிறாத தங்கச்சி" என்று என்னோடு வேலை செய்த கருப்பையா அண்ணன் சொல்லி வைத்திருந்தது மறுபக்கம். இப்படியே வருடங்கள் போயின.

இப்போது பதுளை பஸ் நிலையத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கெம்பஸ் விளம்பரம்; பட்டப்படிப்பு நிறுவனத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் ஹாலிஎலயில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குறையாது. "அக்கா, நீங்க கெம்பஸ்லதானே வேல செஞ்சீங்க. இந்த நோட்டீசப் பாருங்க. கட்டடமெல்லாம் கண்ணாடி. பளபளன்னு இருக்கு. புள்ளையச் சேக்கலாமா?" என்பார்கள். பளபள என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகை விளக்கீட்டன்று கருப்பையா அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கொழுக்கட்டை சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சரி, எழுதித் தொலை. ஆனா ஐடியா என்னுதுன்னு மறக்காமப் போட்டுரு." போட்டுவிட்டேன் அண்ணே. இனி நடந்தது.

நான் பிறந்தது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். கலியாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடம் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல் கழுவினேன். அந்தப் பழக்கத்தால், பதுளையில் மலைச்சரிவில் இருந்த ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் ஆய்வுகூடப் பணியாளாக எடுத்தார்கள். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரிகளில் இரத்தம், சிறுநீர் சோதிக்கிறார்களே, அந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கும் படிப்பு அங்கே நடந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். முருகன் புண்ணியத்தில் ஒருநாளும் கையை வெட்டிக்கொண்டதில்லை.

எங்கள் துறைத்தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் சேர். எனக்கும் இன்றுவரை சேர்தான். மெலிந்த ஆள். வகுப்பில்லாத நேரத்திலும் உட்கார மாட்டார். காலையில் வந்ததும் முதலில் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார். நான் ஏற்கனவே பார்த்துச் சொல்லியிருப்பேன். ஆனாலும் பார்ப்பார். யார் எதைப் போய்ச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "கண்டதோ, கேட்டதோ?"

"சேர், தண்ணி வரலீங்க."

"கண்டதோ, கேட்டதோ?"

"கருப்பையா அண்ணன் சொன்னாருங்க."

"அப்ப நீங்கள் போய்ப் பைப்பைத் திறந்து கண்டுபோட்டு வாங்கோ."

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் என் வீட்டுக்காரர் "அரிசி முடிஞ்சிருச்சாம்" என்றால் நானும் "கண்டதா கேட்டதா?" என்று கேட்க ஆரம்பித்து அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

கண்ணாடிச் சாமான் கழுவுவதை சேர்தான் பழக்கினார். முதலில் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தூரிகை அடிவரை போக வேண்டும். பைப் தண்ணீரில் நுரை போகும்வரை அலச வேண்டும். கடைசியில் வடித்த தண்ணீரில் ஒரு அலசு. பிறகு வாயைக் கீழே கவிழ்த்துக் காயவிட வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் துணியின் நூல் உள்ளே ஒட்டும், அந்த நூல் நோயாளியின் கணக்கில் சேரும் என்பார். ஊசிகளுக்குத் தனிப் பெட்டி. இரத்தம் பட்டவற்றுக்குத் தனி வாளி. அந்த வாளி நிறைந்திருந்தால்தான் அன்று வேலை நடந்தது என்று அர்த்தம்.

அவருடைய இன்னொரு வழக்கம் சிவப்பு மட்டை, அதாவது எழுதித் தொங்கவிடும் அட்டை. ஏதாவது பழுதானால் அதன் கழுத்தில் ஒரு சிவப்பு மட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். என்ன பழுது, யார் கண்டது, அது சரியாகும்வரை பதிலுக்கு என்ன செய்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வெளியாட்கள் வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். புதிதாகக் கட்டிய வீட்டின் வாசலில் கிழிந்த பாயை விரித்த மாதிரி, நுழைந்ததும் சிவப்பு மட்டைதான் கண்ணில் படும்.

சரஸ்வதி பூசைக்கு மட்டும் சேர் தடை சொல்ல மாட்டார். ஆனால் ஒருமுறை நான் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியிலேயே குங்குமம் வைத்துவிட்டேன். மெதுவாகத் துடைத்துக்கொண்டே, "அம்மாள் வில்லையிலை குங்குமம் கேக்கேல்லை பாக்கியம். பக்கத்திலை வையுங்கோ, அவ கோவிக்க மாட்டா" என்றார்.

இனி கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். எங்கள் நிறுவனத்தின் முதல் தொகுதி மாணவி. அந்தப் படிப்பில் சாயம் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தை இழுத்துப் பரப்பி, ஊதா நீலச் சாயம் ஊற்றினால்தான் நுணுக்குக்காட்டியில் இரத்த அணுக்கள் தெரியும். கையுறை போட்டாலும் எப்படியோ விரல் நுனியில் ஏறிவிடும்; லேசில் போகாது. கோகிலாவின் விரல்கள் எப்போதும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கும்.

அவளுடைய அண்ணன் சந்திரன் முன்பே வேறொரு ஊரில், வேறொரு இடத்தில் படித்து முடித்தவன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் படிப்பை எந்தத் தொழிற்சபையும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை என்று. விண்ணப்பித்த இடமெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். இப்போது த்ரீவீலர் ஓட்டுகிறான். நல்ல கேலிக்காரன். தங்கையை ஏற்றிப்போக வரும்போது என்னிடம் சொல்வான்: "பாக்கியம் அக்கா, என் சர்டிபிக்கட்டுக்கு வேல கெடச்சிருச்சு தெரியுமா? லயத்துச் செவுத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு. பிரேம் போட்டு அதுமேல மாட்டியிருக்கோம். ராப்பகலா டியூட்டி பாக்குது."

அவன் சிரிப்பான், நாங்களும் சிரிப்போம். அவனுடைய அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். எப்போதாவது பதுளைக்கு வந்தால் ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று என்னிடம் ஒன்றேதான் கேட்பார்: "தங்கச்சி, எங்க புள்ள படிப்ப ஏத்துக்குவாங்களா?"

அந்தக் கேள்வியை ஒருநாள் சேரிடமே கேட்டேன். அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே எழுதுகிறேன். பட்டம் கொடுக்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி இருப்பது ஒன்று. அந்தப் பட்டத்தோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்ய, அந்தத் தொழிலைப் பதிவு செய்யும் சபை அந்தப் படிப்பை ஏற்பது இன்னொன்று. முதலாவது எங்களிடம் இருந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை. சபை ஒரு குழுவை அனுப்பும். அவர்கள் வந்து பாடத்தைப் பார்ப்பார்கள், படிப்பிக்கிறவர்களைப் பார்ப்பார்கள், ஆய்வுகூடத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளோடு பேசுவார்கள். திருப்தியானால் ஏற்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. முதல் தொகுதி இறுதி வருடத்தில் இருந்தது. குழு 'இல்லை' என்றால் கோகிலாவின் பட்டத்துக்கும் சுவரில் ஒரு வெடிப்பைத் தேட வேண்டியதுதான்.

குழு வருகிற நாள் தெரிந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்தில் சேரின் தாயார் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியை முடித்துத்தான் திரும்ப முடியும். போகும்போது, "பாக்கியம், வழக்கமாய் செய்யிறதைச் செய்யுங்கோ. கூட ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தக் 'கூட ஒண்டும் வேண்டாம்' என்ற பாதி எங்கள் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

எங்கள் நிர்வாக அதிகாரி நஸீரை அண்ணன் முறையில் நானா என்போம்; பதுளை டவுன்காரர். தங்கமான மனுசன், ஆனால் பயந்தவர். எங்களைக் கூப்பிட்டு, "கொழும்புலேந்து பெரிய ஆக்கள் வாறாங்க. எல்லாம் ஒழுங்கா இருக்கணும். என்ன செய்யலாம் சொல்லுங்க" என்றார்.

காவலாளியாகவும் தோட்டக்காரராகவும் இருந்த கருப்பையா அண்ணன் முன்னால் வந்தார். "இதுல யோசிக்க என்னா இருக்கு நானா? தோட்டத்தப் பார்வையிடக் கொழும்புலேருந்து பெரிய தொரை வந்தா நாங்க என்னா செய்வோம்? லயத்துக்குச் சுண்ணாம்பு. தண்ணி ஓடுற கானு ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. ஒடைஞ்சது நசுங்குனது ஒண்ணு வெளிய தெரியக் கூடாது. தொரை 'எப்பிடி இருக்க?'ன்னு கேட்டா 'நல்லா இருக்கேங்க'ன்னு ஒரே வார்த்த. அவரு சந்தோசமாப் போயிருவாரு. நாங்களும் தப்பிச்சிருவோம்."

சின்ன வயதில் எங்கள் லயத்துக்கும் அப்படிச் சுண்ணாம்பு அடித்ததைப் பார்த்தவள் நான். அந்த வாசம் மூக்கில் வந்தது. "சரியான யோசனை அண்ணே" என்றேன். இது அவர் ஒருவருடைய பிழையல்ல. நானாவைத் தவிர நாங்கள் எல்லோரும் தோட்டத்து மனுசர். பார்க்க வருகிறவர் என்றால் மறைக்க வேண்டியவர் என்றே எங்கள் இரத்தத்தில் எழுதியிருந்தது.

அந்த வாரம் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு. கானுக்கு வெள்ளைக் கோடு. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் பெரிய இயந்திரம் பழுது. அதையும் ஆடும் ஸ்டூல்களையும் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டினோம். சாயக்கறை பிடித்த மேசைகள்மேல் வெள்ளைத் துணி விரித்தோம். பழைய வாளியை எறிந்துவிட்டுப் புது வாளி வைத்தோம். சிவப்பு மட்டைகளை அறுத்தெடுத்த கருப்பையா அண்ணன், ஆடிய பூச்சட்டிகளுக்கு அடியில் அவற்றை மடித்துச் செருகினார். பிள்ளைகள் கை நீலமாக இருக்கிறதே என்றேன். உடனே கடைக்கு ஆள் போய் ஒரு பை தேசிக்காய், அதான் எலுமிச்சங்காய், வந்தது. அரை நாள் முழுவதும் தேசிக்காயும் உப்பும் வைத்துத் தேய்த்தார்கள். கோகிலா கையை நீட்டிக் காட்டி, "மருதாணி போடாத பொண்ணு மாதிரி இருக்கேன்ல அக்கா?" என்று சிரித்தாள். "யாரு என்னா கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்" என்று கருப்பையா அண்ணன் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நஸீர் நானா தன் பங்குக்குப் பெரிய தட்டில் வட்டிலப்பம் என்ற முட்டை இனிப்பு செய்யச் சொல்லியிருந்தார். "சோதிக்க வாறவங்களும் மனுசங்கதானே, வயிறு இருக்கும்தானே?" என்றார்.

குழு வந்த அன்று காலை வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவி வெள்ளைத் தலையுடன் ஒரு சிங்களப் பேராசிரியை; தட்டையான சப்பாத்து, தோளில் துணிப்பை. கூட வந்த ஒரு தமிழர் அவர் பேசியதை எங்களுக்குச் சொன்னார். பேராசிரியை சுவரைப் பார்க்கவில்லை, பூச்சட்டியைப் பார்க்கவில்லை. நேராகக் கைகழுவும் தொட்டிக்குப் போய் உள்ளே விரலை வைத்தார். காய்ந்திருந்தது. இரத்தக் கழிவு வாளியின் மூடியைத் திறந்தார். விலைச் சீட்டு இன்னும் உள்ளேயே ஒட்டியிருந்தது. மேசைத் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போலத் திரும்ப விட்டார். பிறகு பிள்ளைகளிடம் வந்தார்.

"எந்த இயந்திரம் உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கும்?"

"எல்லாம் நல்லா இருக்குங்க மேடம்."

அடுத்த பிள்ளை: "எல்லாம் நல்லா இருக்குங்க மேடம்."

அதற்கடுத்த பிள்ளையும் அதையேதான் சொன்னது. கோகிலாவிடம் வந்தபோது அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கழுவி வைத்த கண்ணாடித் தகடு மாதிரிச் சுத்தம். பேனாவை மூடிப் பையில் போட்டார். அந்தப் பேனா மூடிய சத்தம் எனக்குக் கேட்டது.

வட்டிலப்பத்தையும் அவர்கள் தொடவில்லை. பார்க்கப் போகும் இடத்தில் தேநீருக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதியாம். பையிலிருந்து பணிஸ் ரொட்டி எடுத்துச் சாப்பிட்டார்கள். நஸீர் நானா அந்தத் தட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

போகும்போது பேராசிரியை சொன்னதைத் தமிழர் எங்களுக்குச் சொன்னார்: "இங்கே மாணவர்கள் வேலை செய்து பழகுகிறார்கள் என்பதற்கு நாங்கள் எதையும் காணவில்லை. நாங்கள் வரும் வாரத்துக்கு மட்டும் சாமான்களை இரவல் வாங்கி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறோம். அவை இப்படித்தான் இருக்கும். நாளை மதியம்வரை இருப்போம்."

அவர்களுடைய வாகனம் இறங்கிப் போகவும் பயணப் பையோடு சேர் ஏறி வரவும் சரியாக இருந்தது. நெற்றியில் திருநீறு, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. ஆய்வுகூட வாசலில் நின்று மெதுவாக உள்ளே பார்த்தார்.

"ஆரின்ரை கலியாணம் இது? மாப்பிள்ளை எங்கை?"

நான் மேசைத் துணியின் ஓரத்தை இழுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"என்ரை சிவப்பு மட்டையள் எங்கை?"

கருப்பையா அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு பூச்சட்டியைக் காட்டினார். சேர் குனிந்து சட்டியைச் சரித்து ஒரு மட்டையை இழுத்தெடுத்தார். ஈரத்தில் ஊறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "சேர், இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னா கோகிலா..." என்று தொடங்கினேன்.

அவர் சத்தம் போடவில்லை. "இல்லையெண்டு சொன்னது கண்டதோ, கேட்டதோ?" என்றார். "நாளைக்கு மத்தியானம் வரை இருக்கிறம் எண்டுதானே சொல்லியிருக்கினம்?"

"நாங்க நல்லதுக்குன்னுதாங்க சேர்..." என்றார் கருப்பையா அண்ணன்.

"தெரியும் கருப்பையா. ஆனால் உடைஞ்ச சாமானுக்கு என்னத்துக்கு வெக்கம்? அது தானாய் உடைஞ்சது. ஒளிச்சு வைச்சதுதான் நாங்கள்." மட்டையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "வெளிச்சம் இருக்கேக்கை எல்லாத்தையும் பழைய இடத்திலை வையுங்கோ. நாளைக்குக் காலமை வழக்கமான பிராக்டிக்கல்" என்றார்.

அந்தச் சாயங்காலம் நாங்கள் செய்தது எல்லாம் தலைகீழ் திருவிழா. துணிகளை உருவினோம். பெரிய இயந்திரத்தைச் சுமந்து வந்து அதன் இடத்தில் வைத்துக் கழுத்தில் மட்டையைக் கட்டினோம். எறிந்த வாளியைக் கருப்பையா அண்ணன் பள்ளத்தில் இறங்கித் தேடி எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தார். அப்படியும் மனம் ஆறாமல், "சேர், சுவத்துச் சுண்ணாம்பையும் சொரண்டிரவா?" என்று கேட்டார். அந்த ஒரு தடவைதான் சேர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது.

வீட்டில் விளக்கேற்றும்போது யோசித்தேன். சாமி முன்னால் விளக்கை எதற்கு ஏற்றுகிறோம்? நம்மை மறைக்கவா? முருகா, இத்தனை வருடம் ஏற்றியும் எனக்கு இது தோன்றவில்லையே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை குழு வந்தபோது பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் வேலையில் இருந்தார்கள். நான் தொட்டியில் கண்ணாடிக் குழாய் அலசிக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்கு வழிவிடக்கூட நகரவில்லை. பேராசிரியை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு சிவப்பு மட்டை தொங்கும் இயந்திரத்திடம் போய் மட்டையைத் தமிழருக்குக் காட்டி வாசிக்கச் சொன்னார். அடுத்த மட்டைக்கும் போனார். பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

கோகிலா தகட்டில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேராசிரியை அருகில் போய் நேற்றுக் கேட்டதையே கேட்டார். "எந்த இயந்திரம் கஷ்டம் கொடுக்கும்?"

கருப்பையா அண்ணன் வாசலில் நின்று இருமினார். கோகிலா என்னைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள். சேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரிய மெஷின் பழுது மேடம். சின்னதுலதான் கொஞ்சங் கொஞ்சமாச் சுத்துறோம். அதனால வேல முடிய நேரமாகும். மடுல்சீமைக்குக் கடைசி பஸ் போயிரும். அந்த மாதிரி நாள்ல பாக்கியம் அக்கா வீட்டுலதான் தங்குவேன். காலையில தண்ணி வராது, மொத நாளே புடிச்சி வெப்போம். சாயம் சில நேரம் பழசாயிரும். அப்ப தகட்டுல அணு சரியாத் தெரியாது. தெரியலேன்னா தெரியலேன்னுதான் எழுதணும்னு சேர் சொல்லியிருக்காரு. ஊகிச்சு எழுதினா அடி விழும்."

"உண்மையாக அடிப்பாரா?"

"இல்லீங்க மேடம். 'கண்டதோ கேட்டதோ'ன்னு கேப்பாரு. அதுக்கு அடியே தேவலாம்."

தமிழர் அதை மொழிபெயர்க்கும்போதே சிரித்துவிட்டார். பேராசிரியையும் சிரித்தார். "இதையெல்லாம் நேற்று ஏன் சொல்லவில்லை?"

"நேத்து நீங்க விருந்தாளிங்கன்னு நெனச்சிட்டோம் மேடம்."

அதோடு நின்றிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். கோகிலா நிற்கவில்லை. ஊதா விரல்களைப் பிசைந்துகொண்டு கேட்டுவிட்டாள்: "மேடம், நீங்க ஏத்துக்கலேன்னா நான் என்னா வேலைக்குப் போறது? எங்க அண்ணனும் இப்பிடித்தான் படிச்சான். இப்ப த்ரீவீலர் ஓட்டுறான்."

பைப்பை மூடிவிட்டேன். பேராசிரியை பக்கத்தில் இருந்த ஆடும் ஸ்டூலை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு பேசினார். தமிழர் மெதுவாகச் சொன்னார்.

"மகள், உன் அண்ணனைச் சேர்த்தவர்கள் செய்தது அநியாயம். அதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு உங்களை ஏற்றால் இன்னொரு அநியாயம் நடக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு தாய் படுத்திருப்பாள். அவளுக்கு உன்னைத் தெரியாது, உன் சேரைத் தெரியாது, இந்த இடத்தைத் தெரியாது. நீ எழுதும் ஒரு எண்ணை நம்பி டொக்டர் அவளுக்கு மருந்து கொடுப்பார். அவளால் இங்கே வந்து பார்க்க முடியாது. அவளுக்குப் பதிலாகத்தான் நாங்கள் வருகிறோம். நாங்கள் ஏற்றுவிட்டால், பிறகு உன்னை யாரும் எங்கே படித்தாய் என்று சந்தேகமாகப் பார்க்க முடியாது. மடுல்சீமையிலிருந்து வந்தாலும் கொழும்பிலிருந்து வந்தாலும் ஒரே வாசல்தான்."

எழுந்து போகும்போது அவளுடைய விரலைத் தொட்டு, "இந்த நிறம் நேற்று எங்கே போனது?" என்று கேட்டார்.

"தேசிக்கா மேடம்" என்றாள் கோகிலா.

முடிவு வர மாதங்கள் ஆயின. நான் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். நஸீர் நானா ஐந்து வேளையும் துஆ கேட்டதாகச் சொன்னார். கோகிலாவின் அம்மா வந்து நிற்கும்போதெல்லாம் "இன்னும் வரலீங்க" என்று சொல்லி ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். ஒருநாள் சேர் வெப்பமானியைப் பார்க்காமலே நேராக என்னிடம் வந்தார். அப்போதே விளங்கிவிட்டது. "ஏத்தாச்சு பாக்கியம். நிபந்தனையோடை" என்றார். பெரிய இயந்திரத்தைத் திருத்த வேண்டும். நிரந்தர விரிவுரையாளர் இன்னொருவர் வேண்டும். தண்ணீர்த் தாங்கி கட்ட வேண்டும். அவை முடிந்ததும் திரும்ப வந்து பார்ப்பார்கள். முதல் தொகுதியும் அதில் அடக்கம்.

"கண்டதாங்க சேர், கேட்டதாங்க?" என்றேன்.

"கண்டது, கண்டது. என்ரை கண்ணாலை வாசிச்சனான்" என்றார்.

நஸீர் நானா மறுபடியும் வட்டிலப்பம் கொண்டுவந்தார். இந்தமுறை தட்டு காலியாகத்தான் திரும்பியது. சந்திரன் வந்து தங்கையை ஏற்றிக்கொண்டு, "இதையும் பிரேம் போட்டா மாட்டச் செவுத்துல வெடிப்பு இல்லையே" என்றான். அவர்களுடைய அம்மா முதன்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லாத, அழகான சிரிப்பு. சந்திரனும் பிறகு தன் படிப்பில் எந்தப் பாடத்தையாவது வேறெங்காவது ஏற்பார்களா என்று விசாரித்தான். ஏற்க மாட்டார்கள் என்றார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது முழு உண்மையாகாது.

நோட்டீசோடு வாசலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எந்தச் சபை ஏற்றிருக்கிறது என்று கேளுங்கள். நிறுவனத்தையா, உங்கள் பிள்ளை சேரப்போகும் அந்தப் படிப்பையா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. எந்த வருடம்வரை என்றும் கேளுங்கள். பதிலை நோட்டீசிலிருந்து எடுக்காமல் அந்தச் சபையிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். "விண்ணப்பிச்சிருக்கோம், சீக்கிரம் வந்துரும்" என்றால், வந்த பிறகு வருகிறோம் என்று எழுந்துவிடுங்கள். கோகிலாவுக்குக் கடவுள் கைகொடுத்தார். எல்லாப் பிள்ளைகளையும் அப்படிப் பந்தயத்தில் விட முடியாது. அங்கே ஏதாவது உடைந்திருக்கிறதா என்றும் ஒரு கேள்வி போடுங்கள். ஒன்றுமே உடையவில்லை என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

போன மாதம் இரத்தத்தில் சீனி சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயரைக் கூப்பிட்டவள் கோகிலா. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. என் கையைப் பிடித்து இரப்பர் பட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"வெறும் வயித்தோடதானே வந்தீங்க அக்கா?"

"ஆமாடி."

"ஒண்ணுமே சாப்பிடல?"

"ஒண்ணுமே இல்ல. வரும்போது கோயில்ல ஒரு வாய் பஞ்சாமிர்தம். அது பிரசாதம்தானேடி, சாப்பாடா?"

பட்டியை அவிழ்த்துவிட்டாள். "சாமிக்குப் பிரசாதம், மெஷினுக்குச் சீனி. நாளைக்கு வாங்க."

"ஹாலிஎலயிலேருந்து வந்திருக்கேன்டி. உன்னைய என் வீட்டுல தங்க வெச்சிருக்கேன்."

"அதுக்குத்தான் அக்கா நாளைக்கு வரச் சொல்றேன். இன்னிக்கி எடுத்தா வாற நம்பர் உங்களுது இல்ல, பஞ்சாமிர்தத்தோடது." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கையுறையைக் கழற்றி என் தோளைத் தட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் அதே ஊதா.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பேராசிரியை சொன்ன தாய் யாரென்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். மறுநாள் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினேன்.

இதை வாசித்தவர்கள் பிள்ளை படிக்கிற வீடுகளுக்குச் சொல்லுங்கள். லயத்தில் சொல்லுங்கள், கடையில் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். எங்களை நல்லவர்களாக்க வேண்டும் என்று எதையும் விட்டுவிட வேண்டாம். தேசிக்காய், பூச்சட்டி, பள்ளத்தில் எறிந்த வாளி எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஐடியா கருப்பையா அண்ணனுடையது என்பதும் இருக்கட்டும். இதற்கு மட்டும் யாரும் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள். முருகன் துணை.